யாரும் தொடாத ரீமாடல்: டொமினியனில் ஒரு கார்டின் முழுப் பயனையும் எடுப்பது எப்படி

டொமினியன் என்ற சீட்டாட்டத்தைப் புதிதாக ஆடுகிறவர்களுக்காக விதிப்புத்தகமே பத்து வகைக் கார்டுகளைப் பொறுக்கிக் கொடுத்து, முதல் ஆட்டத்தை இவற்றோடு ஆடுங்கள் என்கிறது. அந்தப் பத்தில் ரீமாடலும் ஒன்று. ஆட்டம் முடிந்ததும் நடுவில் இருக்கும் குவியல்களைப் பாருங்கள். வில்லேஜ் தீர்ந்திருக்கும், ஸ்மிதி பாதிக்கு மேல் போயிருக்கும், மிலிஷியாவை ஆளுக்கு இரண்டு வாங்கியிருப்பார்கள். ரீமாடல் மட்டும் வைத்த பத்தும் வைத்தபடியே இருக்கும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஆட உட்காரும் புதுப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் இதைப் பார்க்கிறேன்.

காரணம் எளிது. ஸ்மிதியைப் படித்தால் உங்கள் கட்டிலிருந்து "மூன்று கார்டு எடு" என்று இருக்கிறது. கேட்டவுடன் லாபம். ரீமாடலைப் படித்தால் முதல் வரியே "கையிலிருந்து ஒரு கார்டைக் குப்பையில் போடு" என்கிறது. பாடுபட்டு வாங்கியதை ஏன் குப்பையில் போட வேண்டும் என்று மனசு விலகிவிடுகிறது. எனக்கு இந்தப் பெட்டியிலேயே மிகவும் பிடித்த கார்டு அதுதான். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு வேலை, நடுவில் ஒரு வேலை, முடிவில் வேறொரு வேலை என்று மூன்றையும் ஒரே கார்டு செய்கிறது. அந்த மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன். கூடவே, இதேபோல மற்றவர்கள் ஒதுக்கும் வேறு கார்டுகளை எப்படித் தோண்டிப் பார்ப்பது என்பதும் வரும்.

ஆட்டத்தையே இப்போதுதான் கற்கிறீர்கள் என்றால்

டொமினியனை வடிவமைத்தவர் டொனால்ட் எக்ஸ். வக்காரினோ. 2008-ல் ரியோ கிராண்டே கேம்ஸ் வெளியிட்டது. 2009-ல் ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது கிடைத்தது. ஆட ஆட நம் சீட்டுக்கட்டை நாமே கட்டிக்கொண்டு போகும் ஆட்டவகை பரவியதே இதற்குப் பிறகுதான். 2016-ல் வந்த இரண்டாம் பதிப்பில் சில கார்டுகள் மாறின. ரீமாடல் இரண்டு பதிப்பிலும் இருக்கிறது, அதனால் உங்களிடம் எந்தப் பெட்டி இருந்தாலும் சரி.

எல்லோரும் 7 காப்பர், 3 எஸ்டேட் என்று பத்து கார்டோடு தொடங்குகிறோம். கலைத்து ஐந்து ஐந்தாக எடுக்கிறோம். நம் முறை வந்தால் முதலில் ரீமாடல், ஸ்மிதி போன்ற ஒரு ஆக்‌ஷன் கார்டை இறக்கலாம், அப்புறம் காசுக் கார்டுகளை இறக்கி நடுவில் இருக்கும் குவியல்களிலிருந்து ஒரு கார்டு வாங்கலாம், கடைசியில் இறக்கியது, மீந்தது எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாக ஐந்து எடுக்க வேண்டும். வாங்கியதும் கழித்த கார்டுகளோடு சேரும். கட்டு தீர்ந்து மறுபடி கலைக்கும்போது கைக்கு வரும். கழிப்பது வேறு, குப்பையில் போடுவது வேறு. கழித்தது திரும்ப வரும். குப்பைக்குப் போனது வராது.

விலைகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பிறகு எல்லாமே அதை வைத்துத்தான். காப்பர் விலை 0, சில்வர் 3, கோல்டு 6. இவை தரும் காசு 1, 2, 3. எஸ்டேட் விலை 2, டச்சி 5, பிராவின்ஸ் 8. இவை தரும் புள்ளி 1, 3, 6. கர்ஸ் (சாபம்) என்ற கார்டு விலை 0, ஒரு புள்ளியைக் குறைக்கும். பிராவின்ஸ் குவியல் தீர்ந்தாலோ, வேறு ஏதாவது மூன்று குவியல்கள் தீர்ந்தாலோ ஆட்டம் முடிந்தது. இரண்டு பேர் ஆடினால் பிராவின்ஸ் 8, மூன்று நான்கு பேர் என்றால் 12.

முதலில் கார்டை ஒழுங்காகப் படியுங்கள்

ரீமாடல் விலை 4. அது சொல்வது இவ்வளவுதான்: கையிலிருந்து ஒரு கார்டைக் குப்பையில் போடு, அதன் விலையைவிட 2 வரை அதிகமான ஒரு கார்டை நடுவில் இருக்கும் குவியல்களிலிருந்து எடுத்துக்கொள்.

இந்த இரண்டு வரியில் கவனிக்க வேண்டியவை சில. எடுப்பது வேறு, வாங்குவது வேறு. ரீமாடலால் ஒன்று எடுத்த பிறகும் அந்த முறையில் வாங்கும் உரிமை அப்படியே இருக்கிறது. எடுத்த கார்டு கைக்கு வராது, கழித்தவற்றோடு சேரும். குப்பையில் போட வேண்டியது கையில் இருப்பதைத்தான். இறக்கிய ரீமாடல் மேசைக்குப் போய்விட்டதால் அதையே அதனால் மாற்ற முடியாது, ஆனால் கையில் இன்னொரு ரீமாடல் இருந்தால் அதை மாற்றலாம். "2 வரை" என்பதால் குறைந்த விலையிலும் எடுக்கலாம், அதே விலையிலும் எடுக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைப் புதியவர்கள் யாருமே யோசிப்பதில்லை. முடிவாட்டத்தில் அதுதான் கத்தி.

இன்னொன்று. இறக்கிவிட்டால் குப்பையில் போட்டே ஆக வேண்டும், பாதியில் பின்வாங்க முடியாது. கையில் போட மனசில்லாத கார்டுகளே இருந்தால் ரீமாடலை இறக்காமல் விட்டுவிடுங்கள். இறக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

காசுக் கார்டுகளை அவசரப்பட்டு முன்னால் விரித்துவிடாதீர்கள். ஆக்‌ஷன் முடிந்த பிறகுதான் காசு. கோல்டைக் கீழே வைத்துவிட்டால் அது கையில் இல்லை, ரீமாடலுக்கு இரையாகாது.

விலைப்படியை எழுதி வையுங்கள்

ஒரு தாள் எடுத்து 0, 2, 4, 6, 8 என்று கீழிருந்து மேலாக எழுதுங்கள். பக்கத்தில் 3, 5. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இன்றைய ஆட்டத்தில் இருக்கும் கார்டுகளின் பெயர். உங்கள் ரீமாடல் எங்கே எல்லாம் ஏற முடியும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இரட்டைப்படை வரிசையைப் பாருங்கள். எஸ்டேட் 2. அது ரீமாடல் ஆகலாம், 4. ரீமாடல் கோல்டு ஆகலாம், 6. கோல்டு பிராவின்ஸ் ஆகலாம், 8. ஒரு காசும் வீணாகாமல் அடிமட்டத்திலிருந்து உச்சிவரை ஒரே ஏணி. ஒற்றைப்படையில் அந்தச் சுகம் இல்லை. சில்வர் 3-லிருந்து 5-க்கு ஏறும், மார்க்கெட், லேபரட்டரி, டச்சி எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் 5-லிருந்து 7-க்குப் போக அடிப்படைப் பெட்டியில் 7 விலைக் கார்டே கிடையாது. கோல்டோடு நின்றுவிட வேண்டியதுதான், அதுவே ஒரு காசு நஷ்டம்.

நம்ம பக்கத்தில் குறுவை அறுத்த வயலிலேயே தாளடி நடுகிறோமே, ரீமாடல் உங்கள் கட்டுக்குச் செய்வது அதைத்தான். ஒரு கார்டு அதன் பலனைக் கொடுத்து முடித்ததும், அதே இடத்தில் அடுத்ததை நடுகிறது. இப்படிப் பார்க்கத் தொடங்கினால் "குப்பை" என்ற சொல்லின் பயம் போய்விடும். கட்டிலிருக்கும் ஒவ்வொரு கார்டையும் பார்த்து, இதன் போகம் முடிந்ததா என்று மட்டும் கேட்டால் போதும்.

தொடக்கம்: எஸ்டேட்டை மாற்றுவது

முதல் இரண்டு முறையில் உங்களுக்கு 7 காசு வரும். பெரும்பாலும் 4, 3 என்று பிரிந்து வரும் (ஆறில் ஐந்து தடவை). அரிதாக 5, 2. நான்கு மூன்றாக வந்தால் ரீமாடல் ஒன்று, சில்வர் ஒன்று வாங்கிப் பாருங்கள். கட்டில் இப்போது 12 கார்டு. கலைத்ததும் அடுத்த இரண்டு முறையில் பத்து கைக்கு வரும். ரீமாடல் கைக்கு வந்தால், கூட ஒரு எஸ்டேட்டாவது இருக்க ஐந்துக்கு நான்கு வாய்ப்பு.

ரீமாடல், எஸ்டேட், மூன்று காப்பர் என்று கை வந்ததாக வைத்துக்கொள்வோம். எஸ்டேட்டைப் போட்டு 4 விலையில் ஒன்று எடுக்கிறீர்கள், உதாரணமாக ஒரு ஸ்மிதி. கையில் மூன்று காப்பர் இருக்கிறது, ஒரு சில்வர் வாங்குகிறீர்கள். ஒரே முறையில் உதவாத கார்டு ஒன்று போய், நல்ல கார்டு இரண்டு சேர்ந்தது. எஸ்டேட்டோடு போன ஒரு புள்ளி? அதை நினைத்து வருந்த வேண்டாம். அந்த எஸ்டேட் ஒவ்வொரு முறை கைக்கு வரும்போதும் ஒரு காசுக் கார்டின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்திருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ரீமாடலால் கட்டு மெலியாது. ஒன்று போனால் ஒன்று வருகிறது, எண்ணிக்கை மாறுவதில்லை. கட்டை மெலியவைப்பதுதான் நோக்கம் என்றால் சேப்பல் என்ற 2 விலைக் கார்டு ஒரே முறையில் நான்கு கார்டு வரை குப்பைக்கு அனுப்பும், அதன் கிட்டே ரீமாடல் நெருங்க முடியாது. சேப்பல் மேசையில் இருந்தால் தொடக்கத்தில் அதையே வாங்குங்கள், ரீமாடலைப் பிற்பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ரீமாடலோடு தொடங்க வேண்டாம். இரண்டும் ஒரே கையில் வந்தால் ஒரு முறைக்கு ஒரு ஆக்‌ஷன்தான், மற்றது சும்மா கிடக்கும்.

நடுப்பகுதி: வேலை முடிந்த கார்டுகள்

நடுவாட்டத்தில் ரீமாடலின் உபயோகம் மேசையில் என்னென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிலவற்றை மட்டும் சொல்கிறேன், மீதியை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

மனிலெண்டர் 4 விலை. ஒரு காப்பரைக் குப்பையில் போட்டு 3 காசு தரும். நல்ல கார்டு, ஆனால் காப்பர் தீர்ந்ததும் செத்த கார்டு. அந்த நேரத்தில் கையில் ரீமாடல் இருந்தால் மனிலெண்டர் கோல்டாக மாறிவிடும். விட்ச் 5 விலை. எதிராளிகளுக்குக் கர்ஸ் கொடுத்துக்கொண்டே இருக்கும். கர்ஸ் குவியல் தீர்ந்த பிறகு அதனால் கட்டிலிருந்து இரண்டு கார்டு எடுப்பதைத் தவிர வேறு பயனில்லை. அதையும் கோல்டாக்கலாம்.

விட்சால் அடிவாங்குகிற பக்கத்தில் நீங்கள் இருந்தாலும் ரீமாடல் கைகொடுக்கும். கர்ஸின் விலை 0, அதைப் போட்டு 2 விலையில் ஒரு மோட் (அகழி) எடுக்கலாம். தாக்குதல் கார்டை யாராவது இறக்கும்போது கையிலிருக்கும் மோட்டைக் காட்டினால் உங்களுக்கு அது படாது. எதிராளி அனுப்பிய சாபத்தையே அவரைத் தடுக்கும் அகழியாக்கிவிட்டீர்கள். எனக்கு இதைச் செய்யக் கிடைக்கும் ஆட்டமெல்லாம் தனி சந்தோஷம்.

பேண்டிட்டோடு ரீமாடல் சேர்ந்தால் பலம் கூடும். பேண்டிட் 5 விலை, இறக்கினால் ஒரு கோல்டு சும்மா கிடைக்கும், மற்றவர்களின் சில்வரோ கோல்டோ போகவும் வாய்ப்பு. இப்படி வாங்காமலேயே சேரும் கோல்டுகளை ரீமாடல் பிராவின்ஸாக மாற்றும். காசு எண்ணிக் காசு எண்ணி 8 சேர்க்கும் பாடு பாதியாகக் குறைகிறது.

மிலிஷியா ஆடும் மேசையில் ரீமாடலின் அருமை தெரியும். அது வந்தால் மற்றவர்கள் எல்லோரும் கையை மூன்று கார்டாகக் குறைக்க வேண்டும். மூன்று கார்டில் 8 காசு என்றால் கோல்டு இரண்டும் சில்வர் ஒன்றுமாவது வேண்டும். உங்களுக்கு ரீமாடலும் ஒரு கோல்டும் போதும், பிராவின்ஸ் வந்துவிடும். மூன்றாவது கார்டு எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

ஒரே முறையில் கூடுதல் கார்டுகளை இறக்க விடும் வில்லேஜ் இருந்தால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் வில்லேஜ், அப்புறம் ஸ்மிதி போல கார்டு எடுக்கும் கார்டு, கடைசியாக ரீமாடல். கையில் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு எதை மாற்றுவது என்று முடிவெடுங்கள்.

நடுவாட்டத்தில் 4 காசு வந்து நிற்கும் முறைகளில் புதியவர்கள் பழக்கத்தால் இன்னொரு சில்வரோ இன்னொரு ஸ்மிதியோ வாங்குவார்கள். கட்டில் ஏற்கெனவே இரண்டு மூன்று கோல்டு இருந்தால் அந்த 4 காசுக்கு ரீமாடல் வாங்குங்கள். தொடக்கத்தில் வாங்கியதைவிட இந்த நேரத்தில் வாங்கிய ரீமாடல் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும் என்பது என் எண்ணம். 7 காசு வந்து பிராவின்ஸுக்கு ஒன்று குறைகிறதே என்று நொந்துபோகும் முறைகளும் இப்போது வலிக்காது. வாங்கும் கோல்டு நாளைய பிராவின்ஸ்.

முடிவு: இங்கேதான் ரீமாடல் ஜெயிக்கிறது

அக்கா மகளுக்கு இதைக் காட்டிய ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். அவளும் அவள் அண்ணனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஃபேன் காற்றுக்குக் கார்டு பறக்காமல் இருக்கக் குவியல்கள் மேல் புளியங்கொட்டை வைத்திருந்தோம். பிராவின்ஸ் பாதி தீர்ந்து 4 மீதி. அவள் கையில் ரீமாடல் ஒன்று, கோல்டு மூன்று, சில்வர் ஒன்று.

"பதினொண்ணு இருக்கு மாமா. பிராவின்ஸ் ஒண்ணு வாங்குறேன்" என்று கோல்டைக் கீழே வைக்கப் போனாள்.

"கொஞ்சம் இரும்மா. பிராவின்ஸ் எட்டுதானே? மீதி மூணு காசு என்ன ஆகும்?"

"வீணாத்தான் போகும். வாங்குறது ஒண்ணுதானே."

"அப்ப ரீமாடலை முதல்ல இறக்கு."

"எதைப் போடுறது?" என்று கையைப் பார்த்தவள், "கோல்டையா?" என்றாள். குரலில் நம்பிக்கையே இல்லை. அப்புறம் அவளே விரல்விட்டு எண்ணினாள். ஆறோடு ரெண்டு எட்டு. ஒரு கோல்டைக் குப்பையில் வைத்துப் பிராவின்ஸ் ஒன்றை எடுத்தாள். மீதி கையை விரித்தாள்: கோல்டு, கோல்டு, சில்வர். மூணு, மூணு, ரெண்டு. மறுபடி எட்டு. இரண்டாவது பிராவின்ஸ்.

"அது எப்படி? ஒரு தடவைதானே வாங்கலாம்?" என்று அவள் அண்ணன் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். எடுப்பது வேறு, வாங்குவது வேறு என்பதை அவனே வாசித்துத் தெரிந்துகொண்டான். அடுத்த முறை 4 காசு வந்ததும் அவன் வாங்கியது ரீமாடல்தான்.

ஒரே முறையில் 12 புள்ளி. கூடுதல் வாங்கும் உரிமை தரும் மார்க்கெட் இருந்தால்கூட இரண்டு பிராவின்ஸுக்கு 16 காசு வேண்டும். அவளிடம் இருந்தது 11.

கோல்டைப் பிராவின்ஸாக்கத் தொடங்குவது எப்போது? சீக்கிரம் தொடங்கினால் காசு ஓட்டம் வறண்டுவிடும், பிராவின்ஸ்கள் கையில் சும்மா உட்கார்ந்திருக்கும். நான் வைத்திருக்கும் கணக்கு, பிராவின்ஸ் குவியல் பாதியான பிறகு. இரண்டு பேர் ஆட்டத்தில் 4 மீதி இருக்கும்போது தாராளமாகத் தொடங்கலாம். அதற்கு முன்னால் ஒரே கையில் மேலே சொன்னபடி இரண்டு பிராவின்ஸ் கிடைக்கும் என்றால் மட்டும் செய்யலாம். அந்தத் தாவலுக்கு ஒரு கோல்டு போனால் போகட்டும்.

கடைசி இரண்டு மூன்று முறைகளில் காசுக் கட்டைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். அடுத்து கலைத்து ஆட நேரம் இருக்காது. சில்வரைப் போட்டு டச்சி எடுத்தால் 3 புள்ளி. வில்லேஜ், ஸ்மிதி எதுவானாலும் டச்சியாகும். ஒன்றுமே இல்லையென்றால் காப்பரைப் போட்டு எஸ்டேட், ஒரு புள்ளி. கர்ஸைப் போட்டு எஸ்டேட் எடுத்தால் குறைந்துகொண்டிருந்த ஒன்று போய்க் கூடும் ஒன்று வருகிறது, ஆக இரண்டு புள்ளி வித்தியாசம். நெருக்கமான ஆட்டங்கள் இந்த ஒன்றிரண்டில்தான் தீர்கின்றன.

இப்போது அந்தக் கத்தி. பிராவின்ஸைப் போட்டு இன்னொரு பிராவின்ஸை எடுப்பது. பார்த்தால் அர்த்தமில்லாத வேலை. 6 புள்ளி போய் 6 புள்ளி வருகிறது. ஆனால் நடுவில் இருக்கும் குவியலில் ஒன்று குறைந்துவிட்டது. உங்களிடம் 4 பிராவின்ஸ், எதிராளியிடம் 2, குவியலில் 2 மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ரீமாடல், பிராவின்ஸ், கோல்டு இரண்டு, சில்வர் ஒன்று. சாதாரணமாக 8 காசுக்கு ஒன்று வாங்குவீர்கள். ஒன்று மீதியிருக்கும், எதிராளிக்கு இன்னும் ஒரு முறையாவது கிடைக்கும், அதில் அவர் அதையும் எடுத்து டச்சிகளையும் சேர்க்கலாம். அதற்குப் பதிலாக ரீமாடலை இறக்கிக் கையிலிருக்கும் பிராவின்ஸைப் போட்டுக் குவியலிலிருந்து ஒன்றை எடுங்கள். மீதி ஒன்று. 8 காசுக்கு அதையும் வாங்குங்கள். குவியல் தீர்ந்தது, ஆட்டம் அங்கேயே முடிந்தது, 5-க்கு 2. எதிராளி கையில் என்ன வைத்திருந்தாலும் இறக்க நேரமில்லை.

முன்னிலையில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். பின்தங்கியிருக்கும்போது குவியலைக் குறைத்தால் உங்கள் தோல்வியை நீங்களே சீக்கிரம் வரவழைப்பது ஆகும். அதனால் கடைசி நான்கைந்து முறை, யாரிடம் எத்தனை பிராவின்ஸ் என்று எண்ணிக்கொண்டே ஆடுங்கள். வாங்குவது எல்லோர் கண்முன்னும் நடக்கிறது, நினைவில் வைப்பது கஷ்டமில்லை. எதிராளி கட்டில் ரீமாடல் இருந்தால் 2 பிராவின்ஸ் மீதி என்பதை ஆட்டம் முடியும் நிலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

த்ரோன் ரூம் பற்றி ஒரு வார்த்தை. அது கையிலிருக்கும் ஒரு ஆக்‌ஷனை இரண்டு தடவை இறக்கவைக்கும். த்ரோன் ரூம், ரீமாடல், கோல்டு இரண்டு என்று வந்தால் காசே எண்ணாமல் இரண்டு பிராவின்ஸ்.

வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது

நான் சொன்னதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். ஒரு கார்டின் பலத்தைத் தெரிந்துகொள்ள எளிய வழி, அதை வெறும் பணத்தோடு மோதவிடுவது. ஒரு பக்கம் சில்வர், கோல்டு, பிராவின்ஸ் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது. இன்னொரு பக்கம் அதே வாங்கல்தான், கூட நீங்கள் சோதிக்கும் கார்டு ஒன்று மட்டும். ஆள் கிடைக்காத மத்தியானத்தில் இரண்டு பக்கத்தையும் நீங்களே ஆடலாம். யார் முதலில் தொடங்குவது என்பதை மாற்றி மாற்றி ஆடுங்கள், முதலில் தொடங்குகிறவருக்கு எப்போதும் கொஞ்சம் சாதகம் உண்டு. ஒரு நோட்டில், எந்த நேரத்தில் ரீமாடல் எதை எதுவாக மாற்றியது என்று எழுதுங்கள். ஜெயித்தது யார் என்பதைவிட இந்தக் குறிப்புதான் பிறகு உதவும்.

பெட்டி வாங்க முடியாதவர்களும் பழகலாம். தை மாதம் முடிந்ததும் நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கும். கெட்டி அட்டை, நன்றாகக் கலைக்க வரும். ஒரே அளவாக வெட்டி, ஒரு பக்கம் பெயரும் விலையும் வேலையும் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் வாசகத்தில் தடுமாறும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது வசதி. காசுக் கார்டும் புள்ளிக் கார்டும் ரீமாடலும் இருந்தால் மேலே சொன்ன சோதனைக்குப் போதும். பெட்டி வைத்திருக்கிறவர்கள் கார்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உறை இல்லாத கார்டு ஈரம் குடித்து வளைந்துவிடும். வளைந்த கார்டு எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் ஆட்டமே கெட்டது.

திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் "காசு வச்சா ஆடுறீங்க?" என்று கேட்கத்தான் செய்வார்கள். சீட்டாட்டத்தால் நிலத்தையே இழந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் அவர்கள், அந்தக் கேள்வி நியாயமானது. கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ஆட்டம் காட்டுங்கள்.

எப்போது வாங்கக் கூடாது

கார்டு எடுக்கும் கார்டுகள் ஏற்கெனவே உங்கள் கட்டில் மூன்று நான்கு இருந்து, வில்லேஜ் போல ஆக்‌ஷனைக் கூட்டித் தருவது எதுவும் மேசையில் இல்லை என்றால் ரீமாடல் வேண்டாம். ஆக்‌ஷன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கோல்டே இல்லாத, சில்வரும் குறைவான கட்டுக்கு நடுவாட்டத்தில் ரீமாடல் வாங்கினால் மாற்றுவதற்கு உருப்படியான கார்டு கையில் இருக்காது. அந்த 4 காசுக்கு வேறு எதையாவது பாருங்கள். கட்டு எவ்வளவு பெருத்தாலும் நல்லது என்ற வழியில், 10 கார்டுக்கு ஒரு புள்ளி தரும் கார்டன்ஸை நம்பி ஆடும்போதும் எண்ணிக்கையைக் கூட்டாத இந்தக் கார்டு அவ்வளவாக உதவாது. ஆனால் எஸ்டேட்டைக் கார்டன்ஸாக மாற்ற ஒன்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ரீமாடல் கைவந்த பிறகு அடுத்துத் தோண்டிப் பார்க்க பியூரோகிராட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 4, ஒரு சில்வரை உங்கள் கட்டின் மேலேயே வைக்கும், மற்றவர்கள் கையிலிருக்கும் புள்ளிக் கார்டு ஒன்றைத் திரும்பக் கட்டின் மேல் வைக்கவைக்கும். இதையும் பலர் தொடுவதில்லை. விலைப்படித் தாளை எடுங்கள். சும்மா வரும் அந்தச் சில்வர்கள் எங்கே ஏற முடியும், எந்த நேரத்தில் எதிராளி கையில் பிராவின்ஸ் இருப்பது அவருக்குத் தொந்தரவாகும், கார்டன்ஸோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று மூன்றையும் வெறும் பணத்தோடு மோதவிட்டுப் பாருங்கள். பத்துக் கார்டுக்கு என் சிபாரிசு: செல்லார், மோட், வில்லேஜ், வொர்க்‌ஷாப், பியூரோகிராட், கார்டன்ஸ், ரீமாடல், ஸ்மிதி, லேபரட்டரி, மார்க்கெட்.